மழையில் நின்ற சாம்பியன்!

கோப்பையை ஜெயித்தவர் வெளியே... தோற்றவர்கள் உள்ளே! தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் பாப்வாவின் கதை

1963-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். இந்தியப் பெருங்கடலை ஒட்டிய மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கிறது டர்பன் கன்ட்ரி கிளப். அங்கே ‘நேட்டால் ஓப்பன்’ கோல்ஃப் போட்டி முடிந்து, பரிசளிப்பு நடக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

போட்டியில் ஆடிய வெள்ளைக்கார வீரர்கள் கிளப் ஹவுஸுக்குள் போய்விட்டார்கள். தலைக்கு மேல் கூரை, உட்கார நாற்காலி, கையில் பானம். வெளியே மழையில் நனைந்தபடி ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, மாநிறம், கூச்சமான முகம்.

கடைசி இடம் பிடித்தவர் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அத்தனை பேரையும் தோற்கடித்து முதலிடம் பிடித்தவரே அவர்தான்!

கோப்பையை வெளியிலேயே கொடுத்தார்கள். அதை அவர் மழையிலேயே வாங்கிக்கொண்டார். அந்தக் காட்சி போட்டோவாகி உலகப் பத்திரிகைகளில் வெளியானது. ‘ஜெயித்தவன் ஏன் மழையில் நிற்கிறான்?’ என்று உலகம் கேட்டது. தென்னாப்பிரிக்க அரசிடம் அதற்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பதிலும் இல்லை.

அந்த வீரரின் பெயர் பாப்வா சிவ்கோலம்.

யார் இந்த பாப்வா?

‘பாப்வா’ என்பது செல்லப்பெயர். ஆவணங்களில் இருக்கும் பெயர் ‘ஸ்யூசங்கர்’. நம் ஊர் ‘சிவசங்கர்’தான், வெள்ளைக்கார குமாஸ்தாக்களின் பேனாவில் சிக்கி அப்படி ஆகிவிட்டது. டர்பன் போனால் இப்படி நிறைய பெயர்களைப் பார்க்கலாம். அங்கே நாயுடு ‘நாய்டூ’ ஆகியிருப்பார், முதலியார் ‘மூட்லி’ ஆகியிருப்பார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகியிருப்பார்!

இந்தப் பெயர்களெல்லாம் அங்கே எப்படிப் போயின? நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து கூலித் தொழிலாளர்களைக் கப்பலில் ஏற்றிப் போனார்கள். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ புறப்பட்டது நம் மதராஸிலிருந்துதான். 1860 நவம்பர் 16-ம் தேதி அது டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். தென்னிந்தியர்கள் மதராஸிலிருந்தும், வட இந்தியர்கள் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் ஏறினார்கள்.

அப்படி வட இந்தியாவிலிருந்து போன ஒரு குடும்பத்தின் வழியில், 1920-களின் இறுதியில் பிறந்தவர் பாப்வா. டர்பனின் வடக்கே உம்கேனி ஆற்றை ஒட்டிய ரிவர்சைடு பகுதியில், ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு அமையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது.

ஆனால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. பீச்வுட் கன்ட்ரி கிளப். அங்கே சிறு வயதிலேயே ‘கேடி’ ஆனார். கோல்ஃப் ஆடுபவரின் மட்டைகள் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் கூடவே நடப்பதுதான் கேடியின் வேலை. தூக்கலாம், தேடிக் கொடுக்கலாம், துடைத்துக் கொடுக்கலாம். ஆடக் கூடாது!

மரக்கொம்பைச் செதுக்கி மட்டையாக்கிக்கொண்டு, கிடைத்த இடத்தில் பந்தை அடித்துப் பழகினான் அந்தச் சிறுவன் என்பார்கள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அதனால் ஒரு ‘தப்பு’ நடந்துவிட்டது.

தப்பான பிடி... சரியான அடி!

வலது கையால் ஆடும் கிரிக்கெட் வீரர் மட்டையை எப்படிப் பிடிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இடது கை மேலே, வலது கை கீழே. வலது கை கோல்ஃப் வீரர்களும் அப்படித்தான் பிடிப்பார்கள். பாப்வா அதைத் தலைகீழாகப் பிடித்தார். வலது கை மேலே, இடது கை கீழே.

எந்தப் பயிற்சியாளரும் பார்த்தவுடன் முதலில் திருத்துவது இதைத்தான். இப்படிப் பிடித்துப் பந்தை அடித்தால் மணிக்கட்டுகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். நீங்கள் ஒரு துடைப்பத்தைக் கைமாற்றிப் பிடித்துக் கூட்டிப் பாருங்கள், புரியும். ஆனால், திருத்துவதற்கு ஆள் இல்லாத பாப்வாவுக்கு அதுவே இயல்பாகிவிட்டது. அந்தப் பிடியை வைத்துக்கொண்டே பந்தை நேராகவும் துல்லியமாகவும் அடித்தார். பிற்காலத்தில் அந்தப் பிடிக்கு அவர் பெயரையே வைத்து ‘சிவ்கோலம் பிடி’ என்று சொல்லுமளவுக்கு அது பிரபலமானது.

கோல்ஃப்... அரை நிமிடத்தில்!

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஒரு மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 11 சென்டிமீட்டர் அகலம்தான். தூரத்திலிருந்து பந்தை அடித்து அடித்து, கடைசியில் அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வெற்றியாளர். பெரிய போட்டிகளில் பொதுவாக நான்கு சுற்றுகள், மொத்தம் 72 குழிகள்.

இதில் நடுவரின் பாரபட்சத்துக்கு இடம் மிகக் குறைவு. அடித்த அடிகளை எண்ணினால் முடிந்தது கணக்கு. தோலின் நிறத்துக்கு அதில் மார்க் கிடையாது. பாப்வாவின் கதையில் இந்த விஷயம் ரொம்ப முக்கியம்.

ஃபேஸ் க்ரீம்காரர் திறந்த கதவு

தென்னாப்பிரிக்காவில் 1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறவெறி அதன் பிறகு சட்டமாகவே ஆனது. எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்பதற்கு 1950-ல் ஒரு சட்டம். பேருந்து, பூங்கா, கடற்கரை என எல்லாவற்றையும் நிறத்தின்படி பிரித்துவைக்க 1953-ல் இன்னொரு சட்டம். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு கோல்ஃபிலும் தனிப் போட்டிகள்தான். அந்தப் போட்டிகளில் பாப்வா தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தார். ஆனால், அதற்கு மேல் போக வழியில்லை.

அந்த வழியைத் திறந்துவிட்டவரை உங்களுக்கும் மறைமுகமாகத் தெரியும். உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் ‘ஓலே’ ஃபேஸ் க்ரீம் இருக்கிறதா? அதைக் கண்டுபிடித்த கிரஹாம் வுல்ஃப்தான் அவர்! வேதியியல் நிபுணரான வுல்ஃப், பிசுபிசுப்பான க்ரீம்களால் சலித்துப்போயிருந்த தன் மனைவிக்காக ஓர் இளஞ்சிவப்பு திரவத்தைத் தயாரித்தார். டர்பனில் 1952-ல் ‘ஆயில் ஆஃப் ஓலே’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

பாப்வா ஆடுவதைப் பார்த்த வுல்ஃப் அசந்துபோனார். தன்னிடமே அவருக்கு வேலை கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. ‘இவனை இங்கே ஆட விட மாட்டார்கள். விடும் இடத்துக்குக் கூட்டிப்போவோம்’ என்று முடிவெடுத்தார். 1959-ல் தன் சொந்த விமானத்தில் பாப்வாவை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் பறந்தார். அதுவரை பை தூக்கியே பழகிய தோள் அது!

அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஜெயித்தவரும் ஒரு தென்னாப்பிரிக்கர்தான். கேரி ப்ளேயர் என்ற வெள்ளையர். பிறகு கோல்ஃபின் ஜாம்பவான்களில் ஒருவரானார். பாப்வாவுக்கு பிரிட்டனில் பெரிதாக எதுவும் அமையவில்லை. ஆனால், அதே பயணத்தில் நெதர்லாந்தில் நடந்த டச்சு ஓப்பனில் களமிறங்கினார்.

ஜெயித்தார்!

தலைகீழ்ப் பிடி பிடிக்கும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கேடி, ஐரோப்பாவின் பழைமையான போட்டிகளில் ஒன்றில் சாம்பியன். பின்னாளில் ஸ்பெயினின் செவே பலெஸ்டெரோஸ், ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு லாங்கர் போன்ற மேதைகள் ஜெயித்த போட்டி அது.

குருட்டு அதிர்ஷ்டம் என்று சிலர் நினைத்திருக்கலாம். 1960-ல் திரும்பவும் போய் அதே பட்டத்தை ஜெயித்தார். 1964-ல் மூன்றாவது முறையும் ஜெயித்தார். நடுவில் 1963 பிரிட்டிஷ் ஓப்பனில் 13-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். உலகின் தலைசிறந்த வீரர்கள் கூடும் போட்டியில் அது சாதாரண விஷயம் இல்லை.

ஊர் திரும்பினால்...

ஐரோப்பாவில் சாம்பியன். டர்பனில் இறங்கினால் மறுபடியும் ‘வெள்ளையர் அல்லாதவர்’. வெள்ளையர் பகுதியில் இருக்கும் மைதானத்தில் ஆட அவருக்கு அரசாங்க பெர்மிட் வேண்டும். உலகின் கண் அவர்மேல் விழுந்துவிட்டதால், சில போட்டிகளில் ஆட அரைமனதோடு அனுமதித்தார்கள்.

அந்த அனுமதிக்கும் எல்லை உண்டு. புல்வெளியில் மற்றவர்களோடு சேர்ந்து நடக்கலாம், ஆடலாம். ஆனால், கிளப் ஹவுஸ் படியை மிதிக்கக் கூடாது. உடை மாற்றும் அறை கிடையாது. சாப்பாட்டு அறை கிடையாது. ஒரு சுற்று ஆடிவிட்டு மற்றவர்கள் உள்ளே போய் இளைப்பாறும்போது, பாப்வா வெளியே தன் வண்டியிலேயே உடை மாற்றிக்கொண்டு, அதிலேயே சாப்பிட்டுக்கொள்வார்.

இதில் இன்னொரு கொடுமை. டர்பனின் வெள்ளையர் கிளப்களில் தட்டு ஏந்திப் பரிமாறும் வேலையில் இந்தியர்கள் இருப்பது அன்று சகஜம். ஆக, ஓர் இந்தியர் உள்ளே போவது அவர்களுக்குப் பிரச்னையாகவே இல்லை. பரிமாறப் போகலாம். பரிமாறச் சொல்லி உட்காரத்தான் கூடாது!

இப்படி ஒரு சூழலில்தான் 1963-ல் நேட்டால் ஓப்பனை ஜெயித்தார் பாப்வா. தென்னாப்பிரிக்காவின் மாகாண அளவிலான ஓப்பன் பட்டத்தை வெள்ளையர் அல்லாத ஒருவர் ஜெயித்தது அதுவே முதல் முறை. நாம் முதலில் பார்த்த அந்த மழை அன்றுதான் பெய்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1893-ல் இதே நேட்டால் பகுதியில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான், முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த இளம் வழக்கறிஞர் காந்தி ரயிலிலிருந்து வெளியேற்றப்பட்டார். 70 ஆண்டுகள் கழிந்தும் நிலைமை மாறவில்லை. காந்தி கையில் டிக்கெட் இருந்தது, பாப்வா கையில் கோப்பை இருந்தது. இரண்டும் உள்ளே போகப் போதவில்லை.

ஜெயித்ததுதான் தப்பு!

மழைச் சம்பவத்தைக்கூட அந்த அரசு பொறுத்துக்கொண்டது. அடுத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

1965. அதே டர்பன் கன்ட்ரி கிளப், அதே நேட்டால் ஓப்பன். இந்த முறை களத்தில் கேரி ப்ளேயரும் இருந்தார். பிரிட்டிஷ் ஓப்பன், அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், பிஜிஏ என்று மிகப்பெரிய பட்டங்களைக் கைவசம் வைத்திருந்தவர். அந்த 1965-லேயே யு.எஸ். ஓப்பனையும் ஜெயித்து, நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற மிகச் சிலரில் ஒருவரானார். அப்படியென்றால் அவர் எவ்வளவு உச்சத்தில் இருந்தார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவரை வீழ்த்திவிட்டு பாப்வா கோப்பையைத் தூக்கினார்.

நிறவெறி என்பது வெறும் சட்டம் மட்டுமல்ல, ஒரு நம்பிக்கையும்கூட. ‘வெள்ளையர்களுக்கு மற்றவர்கள் ஈடாக மாட்டார்கள்’ என்ற நம்பிக்கை. வெள்ளைத் தென்னாப்பிரிக்கா தன் பெருமையாகக் கொண்டாடிய ஒரு வீரரை, எழுத்தறிவில்லாத முன்னாள் கேடி ஒருவர், வெள்ளையர்களின் மைதானத்திலேயே, வெள்ளையர்களின் விதிப்படியே, தலைகீழ்ப் பிடியோடு தோற்கடித்தால் அந்த நம்பிக்கை என்ன ஆகும்? அதுவும் அடிகளை எண்ணினால் தெரிந்துவிடும் ஓர் ஆட்டத்தில்!

விளைவு உடனே வந்தது. 1966-ல் உள்நாட்டுப் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விதித்தது அரசு. வெளிநாடு போய் ஆடிக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழியில்லை, பாஸ்போர்ட்டையும் பறித்துக்கொண்டார்கள். பார்வையாளராகக்கூட அந்த மைதானங்களுக்குள் நுழையக் கூடாது என்றார்கள். நாலு பேரோடு நின்று, மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கும் உரிமைகூட சாம்பியனுக்கு இல்லை!

அவர் தோற்றுக்கொண்டே இருந்திருந்தால், ஒருவேளை தொடர்ந்து ஆட விட்டிருப்பார்கள். ‘பாருங்கள், எங்கள் நாட்டில் எல்லோருக்கும் வாய்ப்பு தருகிறோம்’ என்று உலகத்திடம் காட்டிக்கொள்ள அது வசதியாகக்கூட இருந்திருக்கும். அவர் ஜெயித்தார். அதனால்தான் கதவு சாத்தப்பட்டது.

பாப்வா மேடையேறிப் பேசுகிறவர் இல்லை. அரசியல் தலைவரும் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஓர் ஆட்டம். குடும்பத்துக்குச் சோறு போட்டதும் அதுதான். அதைப் பறித்தபோது அவருக்கு இன்னும் 40 வயதுகூட ஆகவில்லை. கோல்ஃபில் அது ஓய்வுபெறும் வயதே இல்லை. ஐரோப்பாவில் இன்னும் எத்தனை பட்டங்கள் கிடைத்திருக்கும் என்பது இனி யாராலும் சொல்ல முடியாத கணக்கு.

1978-ல், வறுமையில், சுமார் 50 வயதில் பாப்வா இறந்துபோனார்.

அந்த போட்டோ சும்மா இருக்கவில்லை

ஆட்டக்காரரை வீட்டுக்குள் முடக்கிவிட்டார்கள். ஆனால், மழையில் நின்ற அந்த போட்டோவை முடக்க முடியவில்லை. நிறவெறி என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை ஒரே பார்வையில் அது விளக்கியது. ‘இப்படிப்பட்ட நாட்டோடு விளையாடாதீர்கள்’ என்று போராடியவர்களுக்கு அது பெரிய ஆயுதமானது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடம் தரப்படவில்லை. 1970-ல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அதே ஆண்டு முதல் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்தும் ஒதுக்கப்பட்டது.

இந்தப் புறக்கணிப்பில் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1974-ல் இந்திய டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது. நம் சென்னைப் பையன்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த அணியின் தூண்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. ‘நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம்’ என்று இந்தியா விலகிக்கொண்டது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த உலகப் பட்டத்தை விட்டுக்கொடுத்த வலி அந்த வீரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால், மழையில் நின்றவருக்கு உலகம் கொடுத்த பதில் அப்படித்தான் துளித்துளியாகச் சேர்ந்தது.

1991 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில், தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணி சர்வதேச ஆட்டத்துக்குத் திரும்பியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் டி.வி-யில் பார்த்திருப்பார்கள். நிறவெறிச் சட்டங்கள் ஒழிக்கப்பட்டதற்கு அடையாளமாக அந்த ஆட்டம் நடந்தது. பாப்வா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இப்போது அந்தக் கதவு?

நிறவெறி ஆட்சி முடிந்து, 1994-ல் மண்டேலா தலைமையில் புதிய அரசு வந்தது. அதன் பிறகு, நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றான ‘இக்கமாங்கா’ விருது பாப்வாவுக்கு மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. அவர் வாழ்க்கையை கிறிஸ்டோபர் நிக்கல்சன் என்ற நீதிபதி புத்தகமாக எழுதினார்.

இன்று டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நகராட்சியின் பொது மைதானம். அதற்கு ‘பாப்வா சிவ்கோலம் கோல்ஃப் மைதானம்’ என்று பெயர். அங்கே உள்ளே போக யாரும் தோலின் நிறத்தைக் கேட்பதில்லை.

பாப்வாவிடம் திறமை எப்போதும் இருந்தது. பீச்வுட்டில் பை தூக்கியபோதும் இருந்தது, டச்சு ஓப்பனை ஜெயித்தபோதும் இருந்தது, தடை விதிக்கப்பட்ட பிறகும் இருந்தது. மாறிக்கொண்டே இருந்தது கதவு மட்டும்தான். ஒருவர் திறந்துவிட்டதால் மூன்று டச்சு ஓப்பன்கள் கிடைத்தன. ஓர் அரசு சாத்தியதால் ஒரு வாழ்க்கையே வீணானது.

நம் ஊரிலும் கோல்ஃப் மைதானங்களில் கேடிகள் பை தூக்குகிறார்கள். டென்னிஸ் கோர்ட்டுகளில் பந்து பொறுக்கிப்போடும் சிறுவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், அவர்களில் ஒருவன் ஒரு பந்தை அடித்துப் பார்ப்பான். பிடி தப்பாகக்கூட இருக்கலாம்.

அவனை விரட்டாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்!